அச்சாரம் கொடுத்தாச்சா?

சொந்தப் பாட்டோடு ஊர் ஊராகப் போகும் சுயாதீன இசைக் கலைஞர்களுக்கு மேடை எப்படிக் கிடைக்கிறது? பேசிய காசு எங்கே நின்றுபோகிறது?

பங்குனி, சித்திரை மாதங்களில் மதுரைப் பக்கம் போகிறவர்கள், டீக்கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் ஸ்பெஷல் நாடக நோட்டீஸை ஒருமுறை நின்று படித்துப் பார்க்க வேண்டும். 'வள்ளி திருமணம்' என்று பெரிய எழுத்து. அதற்குக் கீழே கட்டம் கட்டமாகப் புகைப்படங்கள். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர், பபூன் வேறு ஊர், ஆர்மோனியமும் மிருதங்கமும் வேறு வேறு ஊர். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஊர்ப் பெயர் இருக்கும். இவர்கள் ஒரே கம்பெனிக்காரர்கள் இல்லை. சேர்ந்து ஒத்திகை பார்ப்பதும் கிடையாது. அன்றிரவு மேடைக்குப் பின்னால் சந்தித்து, அரிதாரம் பூசி, விடிய விடிய நடித்துப் பாடிவிட்டு, காலையில் அவரவர் பஸ் பிடித்து அவரவர் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்துவிட்டுப் போன பாட்டும் தர்க்கமும் அத்தனை பேருக்கும் மனப்பாடம் என்பதால் இது சாத்தியமாகிறது.

ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசித்தான் அழைக்கிறார்கள். தனித்தனிச் சம்பளம், தனித்தனி முன்பணம். நடுவில் ஏஜென்ட் இருப்பார். எந்தத் தேதி யாருக்கு என்பது டைரியில் ஏறியிருக்கும். சிக்கல் வந்தால் பேசுவதற்குச் சங்கம் இருக்கிறது. இந்த ஏற்பாட்டை அமெரிக்க ஆய்வாளர் சூசன் சைசர் பல ஆண்டுகள் கூடவே இருந்து கவனித்து, 2005-ல் ஒரு நூலாகவே எழுதினார்.

நாதஸ்வரத்திலும் இதே முறைதான். 'மேளம் பேசியாச்சா?' என்பது கல்யாண வீட்டில் முதலில் எழும் கேள்விகளில் ஒன்று. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், அதன்மேல் முன்பணம். அந்தத் தட்டை வாங்கிக்கொண்டால் அந்த நாள் அந்தக் குடும்பத்துக்கு உரியது. பிறகு வேறொருவர் கூடுதலாகக் கொடுக்கிறேன் என்று வந்து நின்றாலும், வாக்கு மாறுவது தொழிலுக்கு அழகில்லை என்று மேளக்காரர் மறுத்துவிடுவார்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. சொந்தமாகப் பாட்டெழுதி, சொந்தமாக ரெக்கார்ட் செய்து, எந்த சினிமா கம்பெனியும் பின்னால் இல்லாமல் மேடை தேடும் இன்றைய இளைஞர்கள், தங்களுக்கு முன்னால் இந்த மண்ணில் பாதையே இல்லை என்று நினைக்கிறார்கள். பாதை இருந்தது. அச்சாரம், தேதி, பயணச் செலவு, சாப்பாடு, மிச்சப் பணம் எப்போது என்பது வரை பேசி முடித்துவிட்டுப் பாடப் போகிற ஒழுங்கு இங்கே தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறது. கிட்டாரும் மடிக்கணினியும் வந்த பிறகு எப்படியோ அந்த ஒழுங்கு கைநழுவிப் போனது. இன்றைக்கு வாட்ஸ்அப்பில் 'டேட் பிளாக் பண்ணி வச்சுக்கோங்க ப்ரோ' என்று ஒரு செய்தி வருகிறது. முன்பணம் பற்றிப் பேச்சில்லை. பேண்டும் அந்த நாளை ஒதுக்கிவைக்கிறது. நிகழ்ச்சிக்கு நான்கு நாள் முன்பு, 'மேனேஜ்மென்ட்ல வேற பிளான் பண்ணிட்டாங்க ப்ரோ' என்று இன்னொரு செய்தி வருகிறது. போனது ஒரு சனிக்கிழமை. அந்த வருமானம் திரும்பி வராது.

கேட்பவர் கோடி, கிடைப்பது எவ்வளவு?

பாட்டை இணையத்தில் ஏற்றினால் காசு வருமே என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பது இயல்பு. ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது பல இளைஞர்களுக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. 2024 முதல் அந்த நிறுவனம் ஒரு விதி வைத்திருக்கிறது: 12 மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ராயல்டி கிடையாது. ஏர்டெல்லின் விங்க் மியூசிக் அதே 2024-ல் கடையைக் கட்டியது. 'எஞ்சாயி எஞ்சாமி' 2021 மார்ச்சில் வெளியாகி, உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானவர்கள் கேட்ட பாட்டு. மூன்று ஆண்டு கழித்து, 2024 மார்ச்சில், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருவாய் எதுவுமே வந்து சேரவில்லை என்று அதைத் தயாரித்த இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் காணொளி போட்டுச் சொன்னார். அந்தப் பிரச்சினைக்குள் நாம் போக வேண்டாம். அவ்வளவு பெரிய வெற்றிக்கே அந்த நிலை என்றால், வேளச்சேரியில் ஒரு அறையில் உட்கார்ந்து பாட்டெழுதும் பையனும் பெண்ணும் மாத வாடகைக்கு நம்பக்கூடிய இடம் மேடை ஒன்றுதான்.

அந்த மேடைக்கு வரும் அழைப்புகளில் பாதி இப்படித்தான் தொடங்கும்: 'பட்ஜெட் கொஞ்சம் டைட். ஆனா நல்ல எக்ஸ்போஷர் கிடைக்கும்.' அதே நிகழ்ச்சியில் பந்தல்காரருக்கு, மைக்செட்டுக்கு, ஜெனரேட்டருக்கு, சாப்பாடு போடுபவருக்கு யாரும் எக்ஸ்போஷர் தருவதாகச் சொல்வதில்லை. பாடுகிறவரிடம் மட்டும் அதைச் சொல்ல முடிகிறது. இது கோபப்பட வேண்டிய விஷயம் என்றே நான் நினைக்கிறேன். டிசம்பர் சீசனில் மதிய வேளைக் கச்சேரிகளுக்குச் சன்மானம் இல்லாமல் பாடுவதும், சில இடங்களில் மேடைக்காகக் கலைஞரின் குடும்பமே பணம் கட்டுவதும் பல ஆண்டுகளாகப் பொதுவில் பேசப்பட்டுவரும் குறை. அந்தப் பழக்கம் கர்னாடக இசையோடு நிற்காமல் ராக் பேண்ட், ராப் மேடை வரை பரவியிருப்பதுதான் வருத்தம்.

இலவசமாகப் பாடவே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஒரு போராட்டத்துக்கு, ஒரு நண்பரின் மருத்துவச் செலவுக்கு, ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடலாம். பாட வேண்டும். ஆனால் டிக்கெட் விற்கிற நிகழ்ச்சிக்கு, பின்னால் ஸ்பான்சர் பேனர் தொங்குகிற நிகழ்ச்சிக்கு இலவசம் என்றால், அங்கே யாரோ ஒருவர் சம்பாதிக்கிறார் என்று பொருள்.

யார் கூப்பிடுகிறார்கள்?

கல்லூரிகள் பெரிய வாசல். ஐஐடி சென்னையின் சாரங், திருச்சி என்ஐடியின் ஃபெஸ்டம்பர் போன்ற விழாக்களின் பெரிய இரவுகள் சினிமாப் பாடகர்களுக்கும் தேசிய அளவில் பெயர் வாங்கிய பேண்டுகளுக்கும் போகும். ஆனால் ஒவ்வொரு மாவட்டத்திலும் பொறியியல் கல்லூரி, கலைக் கல்லூரி என்று ஆண்டு விழா நடத்தாத இடமில்லை. அங்கே பேசுவது மாணவர் குழு, காசோலையில் கையெழுத்துப் போடுவது நிர்வாகம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பணம் மாட்டிக்கொள்ளும். மாணவர் குழு வருடாவருடம் மாறும். மார்ச்சில் பாடிய பேண்டுக்குப் பாக்கி நின்றால், ஜூனில் அந்தப் பையன் படிப்பை முடித்து வேலைக்குப் போயிருப்பான். புதிய செயலாளருக்கு உங்கள் பெயரே தெரியாது. அதனால் கல்லூரி நிகழ்ச்சியென்றால் மாணவரோடு நிறுத்தாமல், பொறுப்பாசிரியரின் மின்னஞ்சலிலிருந்து ஒரு உறுதிக் கடிதம் வாங்குவது அவசியம்.

ஐடி கம்பெனிகள் கூடுதலாகத் தரும், தாமதமாகத் தரும். வெண்டர் பதிவு, பர்ச்சேஸ் ஆர்டர், இன்வாய்ஸ் என்று 60 நாள், 90 நாள் ஓடிவிடும். இங்கே பல கலைஞர்களுக்குத் தெரியாத ஒரு கருவி இருக்கிறது. மத்திய அரசின் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாக இலவசமாகப் பதிவு செய்துகொள்ளலாம். அப்படிப் பதிவு செய்தவருக்கு, 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தாமதித்தால் வட்டி. அதோடு, கெடு தாண்டிய பாக்கியை அந்த நிதியாண்டின் செலவாகக் கம்பெனி கணக்கில் காட்ட முடியாது என்று வருமான வரிச் சட்டத்திலும் திருத்தம் வந்திருக்கிறது. இன்வாய்ஸில் உத்யம் எண்ணை அச்சடித்தாலே சில அக்கவுன்ட்ஸ் பிரிவுகளின் வேகம் கூடும்.

கல்யாண வரவேற்பு, பிறந்தநாள், காதுகுத்து. இங்கே சினிமாப் பாட்டுதான் கேட்பார்கள். சொந்தப் பாட்டுக்காரர்கள் பலர் இதைச் சொல்லவே கூச்சப்படுகிறார்கள். கூச்சம் எதற்கு? பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில், தெரிந்த சினிமா மெட்டுகளில் புதிய வரிகளைக் கட்டிப் பாடியவர். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் அவர் பாட்டுக்குக் கூடிய கூட்டம் பேசப்பட்டது. அந்தக் குழுவோடு ஊர் ஊராகப் போன தம்பிதான் இளையராஜா. வட சென்னையில் கானா பாடகர்கள் சாவு வீட்டிலும், காரிய இரவிலும், கல்யாணத்திலும் பாடித்தான் தொழில் கற்றார்கள், குடும்பத்தையும் காப்பாற்றினார்கள். எந்த வீட்டு முற்றத்திலும் கூட்டத்தைப் பிடித்துவைக்கத் தெரிந்த கலைஞருக்கு அரங்கத்தில் பயம் இருக்காது.

கோயில் திருவிழாவும், ஊர்ப் பொங்கலும், அரசு நடத்தும் விழாக்களும் வேறு ரகம். 2007-ல் தொடங்கி, நடுவில் நின்று, 2023 ஜனவரியில் 'நம்ம ஊரு திருவிழா' என்ற பெயரோடு திரும்பிவந்த சென்னை சங்கமம், நாட்டுப்புறக் கலைஞர்களைப் பூங்காவுக்கும் கடற்கரைக்கும் கொண்டுவந்தது. பறை, நையாண்டி மேளம், கரகம் போன்றவற்றோடு சேர்ந்து வாசிக்கிற பேண்டுகள் இந்த வாசலைத் தட்டிப் பார்க்கலாம்.

சென்னையில் அறை எங்கே?

பெங்களூரில் இந்திராநகரிலும் கோரமங்களாவிலும் வாரம் முழுக்க ஏதோ ஒரு பப்பில் சொந்தப் பாட்டு பேண்ட் வாசிக்கிறது. சென்னையில் ஏன் இல்லை? திறமை குறைவு என்று சொல்பவர்கள் உரிமச் சட்டத்தைப் பார்க்காதவர்கள். தமிழ்நாட்டில் மதுச் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில் இருக்கிறது. அதற்கு வெளியே பார் உரிமம் பெரும்பாலும் நட்சத்திர ஓட்டல்களுக்கும் கிளப்புகளுக்கும்தான். அதனால், நூறிலிருந்து முந்நூறு பேர் நின்று கேட்கக்கூடிய, வாடகை தாங்கக்கூடிய தனி இடம் இங்கே முளைக்கவே இல்லை. ஓட்டல் பாரில் வாசித்தால் டிஜே இல்லாத இடைவெளியை நிரப்புகிற வேலைதான் கிடைக்கிறது.

குடிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. சொல்லப்போனால், மதுவே இல்லாத சிறிய அரங்கங்கள்தான் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் குடும்பங்களும் வந்து கேட்க உகந்தவை. ஆனால் அந்தச் சிறிய அரங்கங்களும் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கின்றன. நுங்கம்பாக்கம் அலையன்ஸ் பிரான்செஸ், ஆழ்வார்பேட்டை 'மேடை', பெசன்ட் நகர் 'ஸ்பேசஸ்', எழும்பூர் மியூசியம் தியேட்டர் என்று சொல்லிக்கொண்டே வந்தால் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. சேத்துப்பட்டு முத்தா வெங்கடசுப்பாராவ் அரங்கம், தேனாம்பேட்டை காமராஜர் அரங்கம் எல்லாம் ஆயிரம் பேருக்கு மேல் உட்காரும் இடங்கள். முதல் ஆல்பம் போட்ட பேண்டுக்கு அவை எட்டாது. மதுரை, கோவை, திருச்சி, நெல்லையில் நிலைமை இதைவிட மோசம். அங்கே கல்யாண மண்டபமோ பள்ளி அரங்கமோதான்.

கேரளத்தில் வேறொரு வழி திறந்தது. 2013 வாக்கில் கப்பா டிவியின் 'மியூசிக் மோஜோ' நிகழ்ச்சி, பேண்டுகளை ஸ்டுடியோவில் நேரடியாக வாசிக்கவைத்து ஒளிபரப்பியது. '96' படத்துக்கு இசையமைத்த கோவிந்த் வசந்தாவின் தைக்குடம் பிரிட்ஜ் அந்த வழியாக வளர்ந்த குழு. வீட்டுக்கு வீடு அந்த முகங்களைப் பார்த்தபின், கல்லூரியும் திருவிழாக் கமிட்டியும் துணிந்து கூப்பிட்டன.

இங்கே மேடையைத் தாங்களே கட்டியவர்களும் உண்டு. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில், இயக்குநர் பா.இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவை அரங்கேற்றினார்கள். கானா, ராப், ராக், பறை என்று 19 பேர் மேடையில். அயோத்திதாசர் பயன்படுத்திய 'சாதியற்ற தமிழர்' என்ற அடையாளத்திலிருந்து பெயர் எடுத்த குழு. அதிலிருந்து வந்த இசைவாணி 2020-ல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். அந்த ஆண்டு டிசம்பரில் 'மார்கழியில் மக்களிசை' தொடங்கியது. சபாக்களின் மாதத்தில், சபாக்கள் கூப்பிடாத கலைஞர்களுக்கு மேடை, ஒலி, ஒளி எல்லாம் முதல்தரமாக. யார் வாசல் திறப்பார்கள் என்று காத்திருக்காமல், அமைப்பாகத் திரண்டு வாசல் வைத்தார்கள். கலைஞர்கள் கூட்டாக நின்றால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டில் இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

மதுரைக்கு ஒரு ட்ரிப்: கணக்குப் பார்ப்போம்

சென்னையில் ஐந்து பேர் கொண்ட பேண்ட். மதுரையில் ஒரு கல்லூரி 60,000 ரூபாய் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். கேட்க நல்ல தொகை. டிடிஎஸ் 10 சதவீதம் பிடித்தால் கைக்கு வருவது 54,000. டிரம்ஸ், ஆம்ப், பறை எல்லாவற்றோடும் போக டெம்போ டிராவலர் வேண்டும். போக வர 900 கிலோமீட்டருக்கு மேல். வண்டி வாடகை 20,000, டோல், டிரைவர் பேட்டா 4,000. மூன்று அறை 4,500. சவுண்ட் இன்ஜினீயரையும் சேர்த்து ஆறு பேருக்கு இரண்டு நாள் சாப்பாடு 6,000. இன்ஜினீயர் சம்பளம் 6,000. அதற்கு முன் ஒத்திகை அறை வாடகை 4,500. மொத்தம் 45,000. மிச்சம் 9,000. ஆளுக்கு 1,800 ரூபாய். இரண்டு நாள் உழைப்புக்கு. டிடிஎஸ் 6,000 அடுத்த ஆண்டு ரிட்டர்ன் போட்டால் திரும்பலாம், அந்தக் கல்லூரி அதை ஒழுங்காக அரசுக்குக் கட்டியிருந்தால்.

இப்போது வழியில் திருச்சியில் இன்னொரு நிகழ்ச்சி. மதுரைக்கு மறுநாள், 40,000 ரூபாய். இங்கேயும் டிடிஎஸ் பிடித்தால் 36,000. கூடுதல் செலவு: வண்டிக்கு ஒரு நாள் 5,000, அறை 4,500, சாப்பாடு 3,000, இன்ஜினீயர் 6,000. ஆக 18,500. திருச்சியில் மட்டும் நிற்பது 17,500. இரண்டும் சேர்ந்து 26,500, ஆளுக்கு 5,300. குறைந்த சம்பளம் பேசிய ஊர்தான் அதிகம் மிச்சம் வைத்தது, ஏனென்றால் பெரிய செலவை மதுரை ஏற்கெனவே தாங்கிவிட்டது. ஒரு ஊரில் தேதி உறுதியானதும் அந்தச் சாலையில் உள்ள மற்ற ஊர்களுக்கு அன்றைக்கே போன் போட வேண்டும். விழுப்புரம், திருச்சி, திண்டுக்கல், மதுரை. ஸ்பெஷல் நாடகக்காரர்களின் டைரி இப்படித்தான் நிரம்புகிறது.

டிரம்ஸை அந்த ஊரிலேயே வாடகைக்கு எடுத்து, மற்ற கருவிகளோடு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஸ்லீப்பர் ஏறினால் வண்டிச் செலவில் பெரும்பகுதி மிச்சம். ஸ்லீப்பரில் ஆளுக்கு 40 கிலோ வரை சாமான் இலவசம். ஆனால் ஊரில் கிடைக்கும் டிரம்ஸ் எப்படி இருக்கும் என்று முதலில் படம் அனுப்பச் சொல்லிப் பார்த்துவிட வேண்டும்.

பத்து மணிக்கு மைக் ஆஃப்

2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை வெளியிடத்தில் ஒலிபெருக்கி கூடாது. ஆண்டுக்கு 15 நாள் மட்டும், பண்பாட்டு, சமய விழாக்களுக்கு நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். இது எல்லாக் கமிட்டிக்கும் தெரியும். தெரிந்தும் நடப்பது இதுதான். ஆறரை மணிக்குத் தொடங்க வேண்டிய நிகழ்ச்சியில் குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, இன்னொரு பொன்னாடை. பேண்ட் மேடையேறும்போது மணி எட்டே முக்கால். சவுண்ட் செக் செய்து வைத்த அளவுகளை நடுவில் வந்த நடனக் குழு மாற்றியிருக்கும். மானிட்டரில் குரல் வராது. பறைக்கு வைத்த மைக்கை யாரோ தொகுப்பாளருக்குக் கொடுத்திருப்பார்கள். ஒன்றேகால் மணி நேரம் ஆனதும் காவலர் வந்து ஓரத்தில் நிற்பார். ஒன்றரை மணி நேரம் பாட வந்தவர்கள் பாதிப் பாட்டில் நிறுத்தியதற்காக, 'முழுசா பண்ணலையே' என்று சம்பளத்தில் பிடித்தம் பேசுவதும் உண்டு.

இதற்கு மருந்து காகிதம்தான். இரண்டு பக்க ஒப்பந்தம் போதும். தேதி, இடம், மேடையேறும் நேரம், எத்தனை நிமிடம், தாமதம் அமைப்பாளரால் என்றால் முழுச் சம்பளம். பாதித் தொகை முன்பணம், அது வங்கிக்கு வந்த பிறகே தேதி உறுதி. மிச்சம் சவுண்ட் செக் முடிந்து மேடை ஏறுவதற்கு முன். பயணம், அறை, சாப்பாடு யார் பொறுப்பு. ரத்து செய்தால் எத்தனை நாளுக்கு முன் எவ்வளவு. வடகிழக்குப் பருவமழை, தேர்தல் நடத்தை விதி, தலைவர் மறைவு என்று நம் ஊரில் ரத்துக்கு வரும் காரணங்களைப் பெயர் சொல்லியே எழுதிவிட வேண்டும். 2023 ஆகஸ்ட்டில் ஏ.ஆர்.ரஹ்மானின் சென்னைக் கச்சேரியையே மழை தள்ளிவைத்தது. நிகழ்ச்சியைப் படம் பிடித்து யார், எங்கே வெளியிடலாம் என்பதற்கும் ஒரு வரி தேவை. கூடவே ஒரு தனித்தாளில் இன்புட் லிஸ்ட்: குரல் 3, கிட்டார் 2, பேஸ் 1, டிரம்ஸுக்கு மைக் 5, பறைக்கு 2, மானிட்டர் 4. இந்தத் தாளைக் கமிட்டியிடம் கொடுத்தால் போதாது, மைக்செட்காரரின் போனுக்கே நேராக அனுப்பி, அவரோடு இரண்டு நிமிடம் பேசிவிட வேண்டும்.

பெண் கலைஞர்கள் இருக்கும் குழு என்றால் இன்னும் இரண்டு வரி சேரும். பூட்டு உள்ள உடைமாற்றும் அறை, சுத்தமான கழிவறை, நிகழ்ச்சி முடிந்ததும் அறைக்குப் போக வண்டி. இதைக் கேட்பது பந்தா இல்லை. இதைக் கேட்க முடியாமல்தான் எத்தனையோ பெண்கள் ஊர் தாண்டிப் பாடுவதையே நிறுத்தியிருக்கிறார்கள்.

பணம் கேட்கும் துணிச்சலிலும் நம் சமூகத்தின் மேல் கீழ் தெரிகிறது. பறையடிப்பவரிடம் சம்பளத்தைக் குறைத்துப் பேசுவதை உரிமையாகவே நினைக்கும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. அதே ஊர் ஆர்கெஸ்ட்ராவுக்குக் கேட்ட தொகையைக் கொடுக்கும். எழுதிய ஒப்பந்தம் அதிகம் தேவைப்படுவது பறைக் குழுவுக்கும் கானா பாடகருக்கும்தான்.

வரி, ராயல்டி: நாலு விஷயம்

ஆண்டு வருமானம் 20 லட்சத்துக்குள் என்றால் ஜிஎஸ்டி பதிவு பொதுவாகத் தேவையில்லை. அதைத் தாண்டியவர்களுக்கு 18 சதவீதம். ஆனால் நாட்டுப்புற, செவ்வியல் இசை, நடனம், நாடகக் கலைஞர்கள் ஒரு நிகழ்ச்சிக்கு வாங்கும் தொகை ஒன்றரை லட்சத்தைத் தாண்டாவிட்டால் வரிவிலக்கு உண்டு. ராக்கும் பறையும் கலந்த குழு எந்தப் பக்கம் என்பதை ஆடிட்டரிடம் கேட்டுத் தெளிவாகிவிடுவது நல்லது. டிக்கெட் விலை 500 ரூபாய்க்குள் இருந்தால் கச்சேரி டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. சிறிய அரங்க நிகழ்ச்சிகளுக்கு 499 ரூபாய் ஏன் நல்ல விலை என்பது இப்போது புரியும்.

அடுத்தவர் பாட்டைப் பொது மேடையில் பாட உரிமம் வேண்டும், அந்தப் பொறுப்பு அமைப்பாளருடையது என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். சமயச் சடங்குக்கும், கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களுக்கும் காப்புரிமைச் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. சொந்தப் பாட்டு எழுதுகிறவர்கள், ராயல்டி வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் அமைப்பில் உறுப்பினராகிப் பாடல்களைப் பதிவு செய்ய வேண்டும். 2012 திருத்தத்துக்குப் பிறகு பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உள்ள ராயல்டிப் பங்கை எந்த ஒப்பந்தத்தாலும் முழுசாகப் பிடுங்க முடியாது.

டொராண்டோவில் இருந்து போன் வந்தால்

தமிழ்ச் சங்கங்கள் இருக்கும் இடமெல்லாம் மேடை இருக்கிறது. வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களின் பேரவையான ஃபெட்னா ஜூலை 4 விடுமுறையை ஒட்டி ஆண்டுதோறும் விழா நடத்துகிறது. டொராண்டோவின் ஸ்கார்பரோவில் ஆகஸ்ட்டில் தமிழர் தெருவிழா நடக்கிறது. கூப்பிட்டவுடன் சந்தோஷத்தில் சரி சொல்லிவிடுவார்கள். முதலில் கேட்க வேண்டியது, எந்த விசாவில் என்று. அமெரிக்காவில் சுற்றுலா விசாவில் போய்ச் சம்பளம் வாங்கிப் பாடக் கூடாது. மரபுக் கலைக்குப் பி-3, தனிச் சிறப்புள்ளவர்களுக்கு ஓ-1 என்று பிரிவுகள் இருக்கின்றன. விண்ணப்பத்தை அமெரிக்காவில் உள்ள அமைப்போ ஏஜென்ட்டோதான் போட முடியும், கலைஞர் தானே போட முடியாது. கட்டணம், வழக்கறிஞர், தூதரக நேர்காணல் என்று பல மாதம் ஆகும். வெளிநாட்டுக் கலைஞர் சம்பளத்தில் முன்கூட்டி ஏற்பாடு செய்யாவிட்டால் 30 சதவீதம் வரி பிடிப்பார்கள். 'டூரிஸ்ட் விசாவில் வந்துடுங்க, நாங்க பாத்துக்கறோம்' என்பவரை நம்பிப் போனால், விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பப்பட்டு, பிறகு எந்த விசாவும் கிடைக்காமல் போகலாம். பாதிப்பு உங்களுக்கு, கூப்பிட்டவருக்கு இல்லை.

ஒரு சங்கம் விமான டிக்கெட் போட்டுவிட்டது என்றால், அதே மாதம் பக்கத்து நகரங்களின் சங்கங்களோடும் பேசலாம். மதுரை, திருச்சிக் கணக்கு அங்கேயும் செல்லும், விசா விண்ணப்பத்தில் அத்தனை ஊர் நிகழ்ச்சியும் குறிப்பிடப்பட்டிருந்தால்.

கல்லூரி விழாப் பொறுப்பாளர்களுக்கும், கோயில் கமிட்டிக்காரர்களுக்கும், கம்பெனி எச்ஆர் துறையினருக்கும், குடியிருப்புச் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு விழாவுக்கு ஒரு பேண்டை, ஒரு பறைக் குழுவை, ஒரு கானா பாடகரைக் கூப்பிடும்போது, பந்தல்காரருக்குக் கொடுப்பதுபோல் பாதியை முன்பணமாகக் கொடுங்கள், மீதியை அவர்கள் மேடை ஏறும் முன் கொடுங்கள், உரைகளை அரை மணி நேரத்தில் முடித்துக்கொள்ளுங்கள். வாசகர்களுக்கு: உங்கள் ஊரில் சொந்தப் பாட்டுப் பாடும் குழு ஒன்று டிக்கெட் போட்டு நிகழ்ச்சி நடத்தினால், தெரிந்தவர் என்று சொல்லிப் பாஸ் கேட்காதீர்கள். டிக்கெட் வாங்குங்கள், முடிந்தால் இரண்டாக வாங்கிப் பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள்.